அ என்றால் எட்டு

“தாயி மாதிரியாம்ல, தாயி மாதிரி! இருபது வயசுப் புள்ள, இருபத்தி மூணு வயசுக் கடாவுக்குத் தாயா? இது எந்த ஊரு நாயம் மதினி?”

“கத்தாத ராக்காயி. தெருவே நிக்குது.”

“நிக்கட்டும். நல்லா நிக்கட்டும். ஏ ஜன்னத்து, அங்கிட்டு நின்னு ஏன் கழுத்தை நீட்டுற? இங்கிட்டு வந்து ஒக்காந்து கேட்டுட்டுப் போ.”

ஜன்னத் பீவி கழுத்தை நீட்டவில்லை என்றுதான் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். பக்கத்து வீட்டு வேலியில் காயப்போட்டிருந்த பாயை எடுக்க வந்தவள். காய்ந்து சருகாகிவிட்ட அந்தப் பாயை அவள் அன்றைக்கு எத்தனை தரம் திருப்பிப் போட்டாள் என்பதை எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர்களுக்கு மட்டும் அங்கே என்ன வேலை என்று ஜன்னத் பீவி கேட்கவில்லை. அரிமளத்தில் அந்தத் தெரு அப்படி. யார் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் நாலு வீட்டுக்கு வாசனை போகும். யார் வீட்டில் வாய் பொங்கி வழிந்தாலும் முழுத் தெருவுக்கும் பசி எடுக்கும்.

விஷயம் இதுதான். ராக்காயியின் கூடப்பிறந்த அண்ணன் பிச்சைமுத்து, தெருமுனையில் வெல்ல மண்டி வைத்திருப்பவர். அவர் பெண்சாதி சின்னப்பிள்ளை. அவர்கள் மகன் ரத்தினவேலுக்கும் ராக்காயியின் மகள் செவந்திக்கும் முறை. முறை என்றால் ஏதோ பேச்சுக்கு முறை இல்லை. செவந்தி பாவாடை கட்டத் தொடங்கிய நாளிலிருந்து தெருவில் யாரும் அவளை வேறு யாருக்கும் ஜோடி சேர்த்துப் பேசியது கிடையாது. அந்த ரத்தினவேலுக்குத்தான் இப்போது கந்தர்வக்கோட்டையில் பெண் பேசி முடித்திருந்தார்கள். முறைப்பெண்ணை விட்டுவிட்டு வெளியே பெண் எடுத்தால், முறைக்காரி வீட்டுக்குத் தட்டில் ஒரு சேலை வைத்துக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். சேலையை எடுத்துக்கொண்டால் மனஸ்தாபம் இல்லை என்று அர்த்தம். சின்னப்பிள்ளை அதற்குத்தான் வந்திருந்தாள். வந்தவள் வெற்றிலை பாக்கை வைத்து, சேலையை வைத்து, “ரத்தினவேலு என்ன சொல்றான்னா, பாடஞ் சொல்லிக் குடுத்தவ தாயி மாதிரி, தாயிய எப்படிம்மா கட்டிக்கிறதுங்கிறான்” என்று சொல்லி முடிப்பதற்குள் ராக்காயி பிடித்துக்கொண்டுவிட்டாள்.

செவந்தி உள்ளே கொல்லைக் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டது. அவள் அப்பா ரெங்கசாமி, சண்டை என்றாலே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிற மனிதர். அன்றைக்கும் போய்விட்டார். மாடு பாவம், குடிக்க முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்து பார்த்தால் தட்டும் அதிலிருந்த சேலையும் தெரிந்தன. காப்பிப்பொடி நிறம், கரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கரை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போகிற சேலை. தாயி மாதிரி என்று ஆனபிறகு நிறத்தையும் அதற்குத் தக்கபடிதான் எடுத்திருக்கிறார்கள் என்று செவந்திக்குத் தோன்றியது. சின்னப்பிள்ளை அத்தை எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள்.

அந்தக் கொல்லைக் கதவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாடம் நடந்தது அதில்தான்.

ரத்தினவேல் எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்ற எல்லாவற்றிலும் எப்படியோ கரையேறிவிட்டு, கணக்கில் மட்டும் மறுபடி மறுபடி மூழ்கினான். செப்டம்பரில் எழுதினான், மார்ச்சில் எழுதினான், திருமயத்துக்காரர் ஒருவரிடம் டியூஷன் வைத்துக்கொண்டு எழுதினான். ரிசல்ட் வரும் நாளெல்லாம் பிச்சைமுத்து பேப்பர் வாங்கிவரச் சொல்வார், பிறகு அந்தப் பேப்பரிலேயே வெல்லம் மடித்துக் கொடுப்பார். செவந்தியோ புதுக்கோட்டையில் சித்தி வீட்டில் தங்கிப் பெண்கள் பள்ளியில் படித்து, கணக்கில் பள்ளிக்கே முதலாக வந்தவள். திருச்சியில் வாத்தியார் பயிற்சிக்கு இடமும் கிடைத்திருந்தது. பெட்டியில் சேலை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் மாமன் பிச்சைமுத்து வந்தார். “ஒரு வருசம் பொறு ஆத்தா. இவனைக் கரையேத்தி விட்டுரு. இவன் பாஸ் பண்ணட்டும், ஒரு உத்தியோகம் வரட்டும், ஒரே பந்தல்ல முடிச்சிருவோம். அதுக்கப்புறம் வாத்திச்சி வேலைக்குப் போறியோ வீட்ல இருக்கியோ, ஒம் புருசன் பாடு ஒன் பாடு” என்றார். ‘ஒம் புருசன்’ என்று அவர் சொன்ன வாய் அப்படியே வெல்லம்தான். செவந்தி பெட்டியிலிருந்து சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். அந்த இடத்துக்கு வேறு ஒரு பெண் போனாள்.

வயது வந்த பெண்ணும் பையனும் அறைக்குள் உட்கார்ந்து படிக்க முடியுமா? அதனால் பாடம் கொல்லைப்பக்கம், எல்லோர் கண்ணுக்கும் படும்படி. ராக்காயி கடலை உடைத்துக்கொண்டு காவல். கரும்பலகை கிடையாது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துப்போன கதவின் உட்பக்கம்தான் பலகை. கதவைத் திறந்து வைத்தால் அந்த உட்பக்கம் பக்கத்துச் சந்துக்கு நேராகத் தெரியும். ஆகவே அந்த வருஷம் முழுக்க அல்ஜீப்ரா தெருவுக்கே இலவசம். பால் ஊற்ற வருகிற ராக்கன், செம்பைக் கீழே வைத்துவிட்டு ஒரு கணக்கு முடிகிறவரை நின்றுவிட்டுப் போவான்.

முதல் நாள் செவந்தி கதவில் ‘2அ + 5 = 19’ என்று எழுதினாள். தமிழில் அப்போதுதான் கணக்குப் பாடம் வந்திருந்தது; தெரியாத எண்ணுக்கு அ என்றும் க என்றும் போடுவார்கள். “அ எம்புட்டுன்னு கண்டுபிடிங்க மச்சான்” என்றாள்.

ரத்தினவேல் கதவைப் பார்த்தான். பிறகு அவளை, பாவம் இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோலப் பார்த்தான். “இதுல கண்டுபிடிக்க என்னா இருக்கு? அ எட்டு.”

“எப்படி?”

“அ எட்டுதானே புள்ள.”

“சரி, அப்புறம்?”

“இருபத்தெட்டு. அஞ்சைக் கூட்டினா முப்பத்தி மூணு. இவங்க பத்தொம்பதுன்னு போட்டிருக்காங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். வருஷக்கணக்காக நெஞ்சுக்குள் வைத்திருந்ததைச் சொல்கிறவனின் குரல் அது. “புஸ்தகம் பூராவும் இப்பிடித்தான் அச்சுப்பிழையா இருக்கு. நானும் யார்ட்டயும் சொல்லலை.”

ராக்காயிக்குக் கடலைத் தோல் புரையேறிவிட்டது. செவந்தி சிரிக்கவில்லை. அதுதான் அவள் செய்த முதல் நல்ல காரியம், அல்லது முதல் தப்பு. சிரித்திருந்தால் அவன் எழுந்து போயிருப்பான், கதையும் அத்தோடு முடிந்திருக்கும். அவள் கையில் சுண்ணாம்புக்கட்டியோடு, சந்து வழியாகத் தெருமுனைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மண்டி வாசலில் வெல்ல மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு மூட்டையின் வயிற்றிலும் தாரால் ஒரு எழுத்து. அ என்றால் எட்டு மணங்கு எடை, எ என்றால் ஏழு, சில்லறை மூட்டைக்கு ச, அதாவது நாலு. பிச்சைமுத்து பழைய காலத்துத் தமிழ் இலக்கம் தவிர வேறு எழுத மாட்டார். ரத்தினவேல் நடக்கக் கற்றுக்கொண்டது அந்த மூட்டைகளைப் பிடித்துக்கொண்டுதான். மற்ற பிள்ளைகளுக்கு அ என்றால் அம்மா, அணில். அவனுக்கு அ என்றால் எட்டு. க என்றால் ஒன்று. அத்தனை வாத்தியார்களும் அவனைப் பெஞ்சுமேல் ஏற்றினார்கள், பிரம்பு முறிய அடித்தார்கள், மக்கு என்றார்கள். நீ அ-வை என்னவென்று நினைக்கிறாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

“மச்சான், அது எடை இல்லை,” என்றாள் செவந்தி. “அது மூட்டையோட பேரு. மேல எழுதியிருக்கிறதை நம்பாதீங்க. உள்ள எம்புட்டு இருக்குன்னு பிரிச்சாத்தான் தெரியும்.”

“பிரிக்காம எப்படித் தெரியும்?”

“தராசுல வச்சு.” சம அடையாளத்தின் மேல் ஒரு தராசு முள்ளை வரைந்தாள். “இந்தத் தட்டுல ரெண்டு மூட்டை, ரெண்டும் ஒரே எடை. கூட ஒரு மணங்குக் கல்லு அஞ்சு. அந்தத் தட்டுல அதே கல்லு பத்தொம்பது. முள்ளு நேரா நிக்குது. இப்ப இங்கிட்டு இருக்கிற அஞ்சு கல்லை எடுத்துட்டா?”

“முள்ளு சாஞ்சிரும்.”

“சாயாம இருக்க?”

“அங்கிட்டும் அஞ்சை எடுக்கணும்.” தராசு என்றதும் அவன் கண் மாறிவிட்டது. மண்டிக்காரன் மகன் அல்லவா. “அங்கிட்டுப் பதினாலு நிக்கும். இங்கிட்டு வெறும் மூட்டை ரெண்டு.”

“அப்ப ஒரு மூட்டை?”

“ஏழு.” சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டான். “அ ஏழா?”

“இந்தக் கணக்குல ஏழு. ஏழைப் போட்டுப் பாருங்க. ரெண்டேழு பதினாலு, அஞ்சு சேத்தா பத்தொம்பது. சரியா இருக்கா? அடுத்த கணக்குல அ வேற ஒண்ணா இருக்கும்.”

“அப்ப அ-வை நம்பி ஒண்ணும் செய்ய முடியாதுங்கிற,” என்றான் ரத்தினவேல். சந்தில் நின்ற ராக்கன் மட்டும் பலமாகத் தலையாட்டினான்.

அதற்குப் பிறகு பாடம் ஓடியது. அடைப்புக்குறி வந்தபோது அது மூட்டைகளைச் சேர்த்துக் கட்டின கயிறு ஆயிற்று. கழித்தல் குறி வந்தபோது மூட்டையிலிருந்து எலி தின்றது ஆயிற்று. அவன் தப்புப் போட்டால் செவந்தி அழிக்க மாட்டாள். எந்த வரியில் முள் சாய்ந்தது என்று அவனையே தேடச் சொல்வாள். அவன் விரலை வைத்து வரிவரியாக இறங்குவான், ஓர் இடத்தில் விரல் நிற்கும், “இந்தா இங்க” என்பான். அந்த ‘இந்தா இங்க’ வுக்காகத்தான் அவள் காத்திருப்பாள். விளக்கேற்றும் வரை காத்திருந்த நாட்களும் உண்டு. புருஷனாக வரப்போகிறவன் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகத் தலைநிமிர்வதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அது வெட்கப்பட வேண்டிய சுகமா, பெருமைப்பட வேண்டிய சுகமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டையும் பட்டுக்கொண்டாள்.

‘டீச்சர்’ என்கிற பேச்சு வந்ததும் அப்போதுதான். முதலில் அவன் நக்கலுக்குச் சொன்னான்: “என்ன டீச்சர், இன்னிக்குப் பெரம்பு எங்க?” செவந்திக்கு அது பிடித்துவிட்டது. கிடைக்காமல் போன பயிற்சிக்குப் பதிலாக வந்த பட்டம் போல இருந்தது. “டீச்சர்னு கூப்பிட்டாத்தான் அடுத்த கணக்கு. கணக்கு முடியிற மட்டும் நான் டீச்சர்தான்” என்றாள். “முடிஞ்சப்புறம்?” என்று அவன் கேட்டான். அவள் கதவை அழிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டு சிரித்தாள். ராக்காயி கடலையைப் பார்த்துச் சிரித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஜன்னத் பீவியும் சிரித்தாளாம், அவளே சொன்னது. அந்த வார்த்தை ஒரு நாள் தட்டில் வைத்துத் திரும்பி வரும் என்று சிரித்த மூன்று பெண்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பாஸ் பண்ணினான். பிச்சைமுத்து தெருவுக்கே வெல்லம் கொடுத்தார், நல்ல தாளில் மடித்து. ஆறு மாதத்தில் அறந்தாங்கி யூனியன் ஆபீசில் கிளார்க் உத்தியோகம் வந்தது. முதலில் வாரம் ஒரு தரம் வந்தான். வந்தால் ராக்காயி வீட்டில்தான் முதல் காப்பி. பிறகு மாதம் ஒரு தரம் வந்தான், காப்பி வேண்டாம் என்றான். பிறகு வந்தது பஸ்ஸிலிருந்து இறங்கினவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. தைக்குக் கல்யாணம் என்றார்கள், தை போனது. “சித்திரையில பாப்போம்” என்றார் மாமன். சித்திரையும் போனது. செவந்தி இதற்கெல்லாம் ஒரு காரணம் கண்டுபிடித்து அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: புது வேலை, லீவு தர மாட்டார்கள், ஆபீசில் தணிக்கை. தெரியாததற்கு ஒரு மதிப்புப் போட்டு அடுத்த வரிக்குப் போகிற பழக்கம் அவளுக்கு.

ஆவணி பிறந்து சின்னப்பிள்ளை தட்டோடு வந்தாள்.

வாசலில் சண்டை இப்போது அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. ராக்காயிக்கு மூச்சு வாங்கியது. அந்த இடைவெளியில் சின்னப்பிள்ளை நைச்சியமாகப் பேசத் தொடங்கினாள். நைச்சியம் அவளுக்கு எப்போதும் சரியாக வராது. பாதியில் பெருமையாக மாறிவிடும்.

“நாங்களா தேடிப் போனோம்? முந்திரிக்கொட்டை பாக்கப் போன எடத்துல தானா அமைஞ்சது. ஆண்டிச்சாமி அண்ணனுக்கு அம்பது ஏக்கர் முந்திரிக்காடு. அவரு மக அமராவதி பெரிய பள்ளிக்கூடத்துல படிக்குது, கணக்கு வரலைன்னு ஒரே அழுகை. நம்ம ரத்தினவேலு சும்மா இருக்காம, ஏன்மா அழுகுற, அ-ங்கிறது எடை இல்லை, மூட்டையோட பேரு, மேல எழுதினதை நம்பாதே, பிரிச்சாத்தான் தெரியும்னு சொல்லி, தராசு கிராசெல்லாம் வரைஞ்சு, ஒரு நிமிசத்துல வெளங்க வச்சிட்டான். அவரு அசந்துட்டாரு. இப்படி ஒரு மூளையா, எங்கிருந்து தம்பி இப்படி யோசனை வந்துச்சுன்னு கேட்டாரு.”

“அதுக்கு என்னா சொன்னான்?” என்றாள் ராக்காயி.

“என்ன சொல்லுவான்? மண்டியில வளந்தவன், தானா தோணுச்சுன்னான்.”

கதவை ஒட்டி உட்கார்ந்திருந்த செவந்தி எழுந்து நின்றாள். பெண் பார்த்தது, பேசி முடித்தது, சேலையின் நிறம், எல்லாவற்றையும் அவள் இதுவரை ஒருவிதமாகத் தாங்கிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பணக்காரர் வீட்டுப் பெண், யாரோ ஒருவர் ஆசை காட்டினார், இவன் மயங்கினான், உலகத்தில் நடக்காததா? ஆனால் அவளுடைய மூட்டையை அல்லவா அவன் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். அவள் சொன்ன அதே வரி, வார்த்தை மாறாமல். அதைச் சொல்லித்தான் ஒரு பெண்ணின் அழுகையை நிறுத்தியிருக்கிறான். அந்தப் பெண்ணும் விரலை வைத்து வரிவரியாக இறங்கியிருப்பாள். அவன் காத்திருந்திருப்பான்.

ராக்காயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு வருஷம் கடலை உடைத்த இடத்தில் அவளுக்கும் கொஞ்சம் தராசு ஒட்டியிருந்தது. “இரு மதினி, இரு. எம் மக இவனுக்குப் பாடஞ் சொல்லிக் குடுத்தா, அதனால இவ அவனுக்குத் தாயி. அப்படித்தான?”

“ஆமா.”

“இவன் அந்த முந்திரிக்காட்டுப் புள்ளைக்குப் பாடஞ் சொல்லிக் குடுத்திருக்கான். அப்ப அவளுக்கு இவன் அப்பனா? அப்பன் மகளைக் கட்டுவானா?”

தெருவில் ஒரு சத்தம் எழுந்தது. ஜன்னத் பீவி வெளிப்படையாகவே பாயைக் கீழே போட்டுவிட்டாள். “சரியான கேள்விம்மா!” என்றாள். எல்லோரும் சின்னப்பிள்ளை பேச்சில் விழுந்துவிட்டாள் என்றே நினைத்தார்கள். ஆனால் அவள் விழவில்லை. மிகச் சாதாரணமாக, மழை மேலிருந்து கீழே பெய்கிறது என்று சொல்வதுபோல, “ஆம்பளை சொல்லிக் குடுத்தா அது வேற ராக்காயி” என்றாள்.

வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். ஆட்டினவர்களில் பெண்களும் இருந்தார்கள். அதைச் செவந்தி பார்த்தாள், ஏனென்றால் அவள் அதற்குள் எழுந்து வாசலுக்கு வந்திருந்தாள்.

“அத்தை,” என்றாள். “மச்சான் எங்க?”

“மண்டியில இருக்கான். எதுக்கு?”

“தாயி மாதிரின்னு நீங்கதான சொல்றீங்க. அவங்க சொல்லலையே. வரச் சொல்லுங்க. தாயின்னு நெனச்சா, கல்யாணத்துக்கு முந்தி வந்து கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கிட்டுப் போகட்டும். நான் சேலையை எடுத்துக்கிறேன்.”

அவள் கணக்கு இதுதான். அவன் விழ மாட்டான். தன்னைவிட மூன்று வயது இளையவள், அதுவும் முறைப்பெண், நட்ட நடுத் தெருவில், பாலூற்றுகிறவன் முதற்கொண்டு பார்க்க. எந்த ஆண்பிள்ளை விழுவான்? விழ மாட்டேன் என்று அவன் சொன்னால் தாயி என்கிற பொய் அங்கேயே உடைந்துவிடும். பிறகு அவன் வேறு ஏதாவது சொல்லியாக வேண்டும். எனக்கு முந்திரிக்காடு வேண்டும் என்று சொல்லட்டும். எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்றே சொல்லட்டும். அவன் வாயால், அவள் முகத்தைப் பார்த்து, ஒரு உண்மை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு எப்படியாவது அடுத்த வரிக்குப் போய்விடலாம்.

ராக்கன் ஓடிப்போய்க் கூட்டி வந்தான். ஓடினதைப் பார்த்தால் சம்பளத்துக்கு ஓடினதுபோல இருந்தது. ரத்தினவேல் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, உத்தியோகத்தில் கொஞ்சம் சதைபோட்ட முகத்தோடு வந்தான். பின்னாலேயே பிச்சைமுத்துவும் வந்து, தங்கச்சி வீட்டு வேப்பமரத்தைத் தாண்டாமல் நின்றுகொண்டார். வழியிலேயே ராக்கன் சமாச்சாரத்தைச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. ரத்தினவேல் யார் முகத்தையும் பார்க்கவில்லை. செவந்தி அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் நெற்றி சுருங்கியது. கதவின் முன்னால் நின்று, எதை எந்தப் பக்கம் எடுப்பது என்று யோசிக்கும்போது சுருங்குகிற அதே நெற்றி. அவளுக்கு ஒரு நொடி, வெட்கக்கேடுதான், அவனுக்கு உதவ வேண்டும் போலக்கூட இருந்தது.

அவன் செருப்பைக் கழற்றினான். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

ஒப்புக்குக் குனிந்து எழுந்திருக்கவில்லை. கோயிலில் விழுவதுபோல, இரண்டு கையும் முன்னால் நீட்டி, நெற்றி புழுதியில் பட, முழுசாக. அவன் விரல் நுனி அவள் கால் பெருவிரலில் பட்டது. ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து படித்தபோது ஒரு நாளும் படாத விரல். அவன் தோள்கள் இறங்கின. அதைத் தெருவே பார்த்தது. மலைபோல வந்தது இவ்வளவு சல்லிசாக முடிந்ததே என்கிற ஒரு தளர்வு. தரையிலிருந்தே சொன்னான்:

“ஆசீர்வாதம் பண்ணுங்க டீச்சர்.”

பண்ணுங்க. நக்கலுக்கு டீச்சர் என்று கூப்பிட்ட நாளிலெல்லாம் அவன் அவளை வா, போ என்றுதான் பேசுவான். ‘எங்க டீச்சர் பெரம்பு’, ‘என்னா டீச்சர் மொறைக்கிற’. அந்தப் ‘பண்ணுங்க’ வில் இருந்த மரியாதை செவந்தியை நாற்பது வயதுக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியது. இனி அவன் அவளை ஒருபோதும் புள்ளே என்று கூப்பிட மாட்டான். கூப்பிட முடியாது, தெரு சாட்சி.

“திருநூறு பூசு தாயி,” என்றாள் சின்னப்பிள்ளை. முதல் ஆளாகத் தாயி என்று கூப்பிட்டவள் அவள்தான்.

செவந்தி திருநீறு பூசவில்லை. நல்லாயிரு என்றும் சொல்லவில்லை. வாழ்த்து வரும் என்று காத்துக் கிடந்தவன், வராது என்று புரிந்ததும் தானே எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, நெற்றியில் மண்ணோடு நின்றான். அவள் குனிந்து தட்டிலிருந்த காப்பிப்பொடிச் சேலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ராக்காயி, “ஏன்டி எடுத்த? ஏன்டி எடுத்த?” என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனாள். எடுத்தாயிற்று, மனஸ்தாபம் இல்லை என்று அர்த்தம். கூட்டம் கலைந்தது. அன்றைக்கு அந்தத் தெருவில் பல வீட்டில் சோறு குழைந்துபோனது.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் ரத்தினவேல் அமராவதியைக் கட்டினான். அறந்தாங்கியில் மச்சு வீடு எடுத்துக் குடிபோனார்கள். அமராவதி எஸ்.எஸ்.எல்.சி. எழுதவில்லை, அதுதான் மூளைக்கார மாப்பிள்ளை வந்தாயிற்றே. பிச்சைமுத்துவும் ராக்காயியும் இரண்டு வருஷம் பேசாமல் இருந்து, பெரியப்பா சாவில் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுது, பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். சின்னப்பிள்ளைதான் ராக்காயிக்குப் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாளாம்.

செவந்திக்கும் மாப்பிள்ளை பார்க்காமல் இல்லை. பொன்னமராவதிப் பக்கம் ஒன்று, விராலிமலைப் பக்கம் ஒன்று வந்தது. வந்தவர்கள் தெருவில் விசாரிப்பார்கள் அல்லவா? தெரு நல்லவிதமாகத்தான் சொன்னது. தங்கமான பொண்ணு, படிச்ச பொண்ணு, ஒரு ஆம்பளையையே கால்ல விழ வச்ச பொண்ணு என்றது. அதற்குப் பிறகு அந்த மாப்பிள்ளைகள் ஏன் பஸ் ஏறினார்கள் என்று தெருவுக்கு இன்று வரை விளங்கவில்லை. அடுத்த வருஷம் அவள் மறுபடியும் எழுதிப்போட்டுத் திருச்சிக்குப் பயிற்சிக்குப் போனாள். முடித்ததும் மணமேல்குடிப் பள்ளியில் வேலை கிடைத்தது. கடற்கரை ஊர், இங்கிருந்து போவதென்றால் அறந்தாங்கியில் பஸ் மாற வேண்டும். அங்கே இறங்கி நிற்கும் நேரத்தில் யாரையாவது பார்த்தாளா, பார்க்காததுபோல இருந்தாளா என்று சொல்ல, அந்தப் பஸ்ஸில் நம் தெருக்காரர் ஒருவர்கூட இல்லாமல் போனது பெரிய நஷ்டம்தான்.

மணமேல்குடிச் சேதியெல்லாம் ஜன்னத் பீவியின் மகள் ஹமீதா பானு வழியாகத்தான் வரும். அவள் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மீன் நல்ல மீன், தண்ணீர் உப்புத் தண்ணீர், செவந்தி டீச்சர் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, கணக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாள். அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். பரீட்சைக்கு முதல் நாள் பிள்ளைகள் வரிசையாக வந்து வாத்தியார்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவது அந்தப் பள்ளி வழக்கமாம். அன்றைக்கு மட்டும் செவந்தி டீச்சர் நாற்காலியில் இரண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டு, சேலையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாளாம். “வேணாம், போயி எழுதுங்க” என்பாளாம். பிள்ளைகள் விடுமா? போன தரம் நாற்காலிக்கு அடியில் அவள் செருப்பு இரண்டும் கிடந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகக் குனிந்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போயினவாம், ஜன்னல் வழியாகக் கடல் காற்று மண்ணை வாரி உள்ளே போட்டுக்கொண்டிருந்ததாம்.